அளக்க வந்த பூனை

மேசை மேல் யாரும் கை வைக்கக் கூடாது என்பதற்கு அடையாளமாக இடது கையில் ஒரு விரலை உயர்த்திப் பிடித்தபடி, வலது கையால் கணினியில் திறந்து கிடப்பதையெல்லாம் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வருகிறாள் அவள். பாட்டு நிற்கிறது. அஞ்சல் பெட்டி மூடுகிறது. தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளத் துடிக்கும் சில்லறை மென்பொருள்கள் எல்லாம் 'அப்புறம் பார்க்கலாம்' என்று திருப்பி அனுப்பப்படுகின்றன. மௌஸைத் தூக்கி எட்டத்தில் வைக்கிறாள். ஜன்னல் வெயில் பட்டுக் கணினி சூடாகிறதா என்று எட்டிப் பார்க்கிறாள். அதன் பிறகுதான் ஒரு விசையைத் தட்டுகிறாள். திரையில் ஓர் எண் வருகிறது. பக்கத்தில் நிற்பவர் ஆவலாகக் குனிகிறார்.

"அதை விடுங்க. அது இன்னும் கண்ணே முழிக்கல."

முதலில் வரும் எண்ணை அவள் எப்போதும் கணக்கில் சேர்ப்பதில்லை. தூங்குகிறவனை எழுப்பி அப்படியே ஓடவிட்டு, இவன் ஓட்டம் இவ்வளவுதான் என்று சொல்வது என்ன நியாயம் என்பது அவள் கட்சி. இரண்டாவது எண்ணின் மேலும் சந்தேகம்தான். அதற்குப் பிறகு வருபவை ஒன்றோடொன்று ஒத்துப்போக ஆரம்பித்தால் மெல்லத் தலையாட்டுவாள். ஒத்துப்போகாவிட்டால் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, பழையபடி விரலை உயர்த்துவாள்.

அலுவலகத்தில் அவளுக்குப் பூனை என்று பெயர். முகத்துக்கு நேரே சொல்லும்போது மட்டும் 'மேடம்' ஒட்டிக்கொள்ளும். மற்றவர்கள் எழுதும் மென்பொருள் எவ்வளவு வேகமாக ஓடுகிறது, எங்கே நொண்டுகிறது என்று அளந்து சொல்வது அவள் வேலை. வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. காதோரம் நரைத்திருக்கிறது. மேசையில் தட்டிச் சத்தம் போடும் என்பதால் கையில் வளையலோ கடிகாரமோ கிடையாது. நடந்து வந்தால் தெரியாது. பின்னால் வந்து நின்றுகொண்டிருப்பது, அவள் தும்மினால்தான் தெரியும். பெயர் வைத்தவர் யாரென்று அவளுக்கு நன்றாகத் தெரியும். கோபித்துக்கொண்டதில்லை. "நல்ல பேருதானே? நான் வந்தது மெஷினுக்குத் தெரிஞ்சுதுன்னா என் பொழப்பு போச்சு" என்பாள்.

அவள் பிழைப்பின் தலைவலியே அதுதான். ஒரு கணினி எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டுமானால், பார்க்கும் வேலையையும் பெரும்பாலும் அந்தக் கணினியே செய்ய வேண்டியிருக்கிறது. பார்க்கும் வேலை கூடக்கூட, பார்க்கப்படும் வேலை குறைகிறது. புதிதாகச் சேர்ந்தவர்கள் இது புரியாமல் விழித்தால் அவள் ஒரு கடையைத் திறந்துவிடுவாள்.

"கடையில ஒரே கூட்டம். ஒரு ஆளுக்குச் சாமான் கட்டிக் குடுக்க எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பாக்கணும். நீங்க என்ன பண்றீங்க, அந்தக் கடைக்காரர்கிட்டயே போய், ஒவ்வொரு ஆளுக்கும் மணி பாத்து எழுதி வைங்கன்னு சொல்றீங்க. அவர் சாமான் கட்டுவாரா, மணி பாப்பாரா? கூட்டம் தெருவுக்கு வந்துடும். அப்புறம் நீங்களே வந்து 'உங்க கடை ரொம்ப ஸ்லோ'ன்னு அவர் தலையில கட்டுவீங்க."

வீட்டிலும் இந்தப் புத்தி அவளை விடுவதில்லை. மாமியாருக்கு ரத்த அழுத்தம் பார்க்க வேண்டுமானால், பட்டையைக் கையில் சுற்றிவிட்டு, விசையை அவரையே அமுக்கச் சொல்லிவிட்டு, அறையை விட்டு வெளியே போய்விடுவாள். "மருமக எதிர்ல நின்னா எனக்கு பிரஷர் ஏறும்னு அவளுக்கே தெரியுது பாருங்க" என்று மாமியார் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். சொல்லும்போது அதில் கொஞ்சம் பெருமையும் இருக்கும். கணவர் பல் செட் செய்கிறவர். பட்டறை வீட்டின் முன்னறையிலேயே இருக்கிறது. மெழுகும் அச்செடுக்கும் மாவும் மணக்கும். ஊரில் தன் வேலையைப் புரிந்துகொண்ட ஒரே ஆள் அவர்தான் என்பது அவள் எண்ணம். "'கடிங்க'ன்னு சொன்னா எவனும் சாப்பிடற மாதிரி கடிக்க மாட்டான். போட்டோவுக்கு நிக்கற மாதிரி கடிப்பான்" என்பார் அவர். அதனால் செட்டை வாயில் மாட்டிவிட்டு, வீட்டு விஷயம் பேசி, வந்தவர் பல்லை மறந்த நேரத்தில்தான் எங்கே இடிக்கிறது என்று பார்ப்பார்.

அவளை அந்தக் கூடத்துக்கு அனுப்பி வைத்தது இப்படிப்பட்ட ஒரு சமாசாரம்தான்.

ஆம்புலன்ஸ் வேண்டுமென்று யார் எங்கிருந்து அழைத்தாலும் அழைப்பு போய்ச் சேரும் கூடம் அது. வரிசை வரிசையாக மேசைகள், காதில் மாட்டும் ஹெட்செட்கள், ஆளுக்கொரு திரை. அழைப்பவர் சொல்வதைத் தட்டச்சு செய்தால் அது வண்டியில் இருப்பவர்களுக்குப் போய்விடும். இந்த மென்பொருளை எழுதிக் கொடுத்தது அவளுடைய நிறுவனம். எதிர்ச் சுவரில் பெரிய பலகை ஒன்று. யார் ஓர் அழைப்பை எவ்வளவு நேரத்தில் முடிக்கிறார்கள் என்பதை அதில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று காட்டுவார்கள். அதற்காகவே ஒவ்வொருவர் கணினியிலும் ஒரு சின்ன நிரல் உட்கார்ந்து, எந்த விசையை எப்போது தட்டினார்கள் என்று குறித்துக்கொண்டிருந்தது. சூப்பர்வைசர் அதை 'டைமிங் புரோகிராம்' என்பார். கூடத்தில் மற்றவர்கள் அதற்கு வைத்த பெயர் 'உளவாளி'.

சிவப்பிலேயே கிடந்தவர் ஒருவர்தான். ரேடியோ அண்ணன் என்பார்கள். குரல் அப்படி. பதறிக்கொண்டு அழைப்பவர்கள் அவர் இரண்டு வாக்கியம் பேசியதும் மூச்சு விட ஆரம்பிப்பார்கள். தலை முன்பக்கம் வழுக்கை, மூக்கில் இறங்கிய கண்ணாடி, வலது ஆள்காட்டி விரல் எப்போதோ உடைந்து கோணலாகச் சேர்ந்தது. தன் திரை மாட்டிக்கொள்கிறது என்று அவர் பல நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நிறுவனத்தில் சோதித்துப் பார்த்து எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். அவரைக் கிடங்குக்கு மாற்றும் பேச்சு நடந்துகொண்டிருந்தது. கம்பளிகளுக்கும் ஆக்சிஜன் உருளைகளுக்கும் நடுவே அந்தக் குரலுக்கு வேலை இருக்காது.

"எல்லாருக்கும் அதே மெஷின், அதே சாஃப்ட்வேர். இவருக்கு மட்டும் மாட்டுதுன்னா அதுக்கு என்ன அர்த்தம்? நீங்களே சொல்லுங்க மேடம்" என்றார் சூப்பர்வைசர். கெட்ட மனிதர் இல்லை. மேலே இருப்பவர்கள் அவரைப் பிடுங்குகிறார்கள், அவர் இங்கே பிடுங்குகிறார். "எனக்கும் அவர் மேல ஒண்ணும் இல்ல. ஆனா நம்பர்னு ஒண்ணு இருக்குல்ல?"

ரேடியோ அண்ணன் தணிந்த குரலில்தான் சொன்னார். "நான் பொய் சொல்லலம்மா. நான் அடிச்சிட்டுக் காத்திருக்கேன், எழுத்து அப்புறமா வருது. பக்கத்துல கேட்டா எங்களுக்கு அப்படி இல்லையேங்கறாங்க. எனக்கே சந்தேகம் வந்துடுச்சு, விரல்தான் மரத்துப்போச்சோன்னு. டாக்டர்கிட்ட கூடக் காட்டினேன்."

பூனை முதல் நாள் மூலையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். யார், எதற்கு வந்திருக்கிறாள் என்பதை மறைக்காமல் எல்லாரிடமும் சொன்னாள். சொன்னதுதான் தாமதம், கூடம் முழுவதும் முதுகு நிமிர்ந்தது. குடித்துக்கொண்டிருந்த டீ பாதியில் நின்றது. வழக்கமாக "சொல்லுங்க" என்று ஆரம்பிக்கும் ஓர் ஆள், "வணக்கம், தங்களுக்கு எவ்விதத்தில் உதவலாம்?" என்று கேட்டுத் தொலைத்தார். மறுமுனையில் அப்பாவுக்கு மூச்சுத் திணறுகிறது என்று கதறிக்கொண்டிருந்தவர் ஒரு கணம் திகைத்து, தவறான எண்ணுக்குப் போட்டுவிட்டதாக நினைத்து வைக்கப் போனார். மாலையில் சூப்பர்வைசர், "என்ன கண்டுபிடிச்சீங்க?" என்றார்.

"ஒண்ணும் இல்ல சார். இன்னைக்கு நான் பாத்தது என்னைப் பாத்துப் பயந்தவங்களை. நாளைக்கும் வரேன்."

மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள். அதே மூலை, அதே நாற்காலி. எதையும் குறித்துக்கொள்ளவில்லை. தலைக்கு மேலே பெயர்ந்து தொங்கிய கூரைப் பலகையை எல்லாரும் எப்படிப் பார்க்காமல் பழகிக்கொண்டார்களோ, அப்படி அவளையும் பார்க்காமல் பழகிக்கொள்ளட்டும் என்று காத்திருந்தாள். நிறுவனத்திலிருந்து இரண்டு முறை போன் வந்தது, இன்னும் அளக்கவே ஆரம்பிக்கவில்லையா என்று. பிறகு ஒரு நாள் யாரோ திரும்பிக்கூடப் பார்க்காமல் தண்ணீர்ப் பாட்டிலை அவளிடம் நீட்டி, "அக்கா, கொஞ்சம் நிரப்பிக் குடுங்களேன்" என்றார்கள். நிரப்பிக் கொடுத்தாள். வேலை அன்றைக்குத்தான் தொடங்கியது.

அதற்குள் ரேடியோ அண்ணன் வேலை செய்யும் விதம் அவளுக்குப் பிடிபட்டிருந்தது. மற்றவர்கள் 'மூன்றாவது மாடி, நெஞ்சு வலி' என்று அடித்து அனுப்பும் இடத்தில் அவர் விடாமல் கேட்டுக்கொண்டே இருப்பார். "கேட் என்ன கலர்மா? நாய் இருக்கா? கட்டியிருக்கா? லிஃப்ட் ஓடுதா? படி அகலமா, ஸ்ட்ரெச்சர் திரும்புமா?" கேட்டதை எல்லாம் அந்தக் கோணல் விரலோடு ஒரு வார்த்தை விடாமல் அடிப்பார். குறிப்பு திரையில் நீண்டுகொண்டே போகும். நீளும்போதுதான் அவர் கைகள் அடித்துவிட்டு நிற்பதையும், எழுத்துகள் பின்னால் ஓடி வருவதையும் அவள் கண்ணாலேயே பார்த்தாள். ஆனால் கண்ணால் பார்த்தது சாட்சி சொல்லாது.

ஆள் இல்லாத ஒரு மேசையில், தன் அளக்கும் கருவியைக் கணினிக்குள் ஏற்றி, பழைய அழைப்பு ஒன்றின் குறிப்பை அவரையே அடிக்கச் சொன்னாள். திரை படுத்தேவிட்டது. முன்பு நொண்டியது இப்போது தவழ்ந்தது.

"பாத்தீங்களா, பாத்தீங்களா!" என்று ரேடியோ அண்ணன் கிட்டத்தட்ட மகிழ்ச்சியாகவே சொன்னார்.

"இது மெஷினோட கோளாறு இல்ல அண்ணா. நான்தான் அது மேல ஏறி உக்காந்துட்டேன்" என்று அவள் கருவியை வெளியே எடுத்தாள். ஆனால் அந்த நொடியில் அவளுக்கு வேறொன்று உறைத்தது. தான் ஏறினால் இவ்வளவு பாரம் என்றால், ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருக்கிறவன் எவ்வளவு பாரமோ?

உளவாளியை எழுதிய சக ஊழியரிடம் போனாள். "அது சும்மா பாக்கத்தான் செய்யுது மேடம். வேற எந்த வேலையும் செய்யல" என்றார் அவர்.

"சும்மா பாக்கறதுன்னு ஒண்ணு கிடையாதுப்பா. கொஞ்சம் திறந்து காட்டு."

திறந்து பார்த்தார்கள். ஒவ்வொரு விசையைத் தட்டும்போதும் உளவாளி குறுக்கே கை நீட்டி நிறுத்தி, நேரத்தைக் குறித்துக்கொண்டு, பிறகுதான் எழுத்தை உள்ளே விட்டது. அது போதாதென்று, அதுவரை அடித்த முழுக் குறிப்பையும் ஒவ்வொரு எழுத்துக்கும் முதலிலிருந்து எழுதி வைத்தது. இரண்டு வார்த்தை அடிப்பவருக்கு அது தூசு. நீளமாக அடிப்பவருக்கு, அடிக்க அடிக்கப் பாரம் ஏறிக்கொண்டே போகும். நிறுவனத்தில் சோதித்தவர்கள் 'அஅஅஅ' என்று நாலு எழுத்து அடித்துப் பார்த்துவிட்டு, சரியாக இருக்கிறது என்று சொல்லியிருந்தார்கள். எழுதியவர் தலையில் கை வைத்துக்கொண்டார். யார் மெதுவாக வேலை செய்கிறார்கள் என்று கண்டுபிடிக்க வந்தது, நிறைய வேலை செய்கிறவரை மெதுவாக்கிக்கொண்டிருந்தது.

இதை அப்படியே எழுதிக் கொடுத்திருந்தால் அவள் வேலை முடிந்திருக்கும். முடிக்க மனம் வரவில்லை. இது இன்னும் ஊகம்தான். கணினியைத் தொடாமல், வெளியே நின்று பார்த்தால் என்ன தெரிகிறதோ அதுதான் அவளுக்குப் பேச்சு. ஒவ்வொரு மேசையின் விளிம்பிலும் ஒரு குட்டிக் கேமராவைப் பொருத்தினாள். விசைப்பலகையும் திரையும் மட்டும் அதில் தெரியும். கேமராவின் கம்பி அவளுடைய மடிக்கணினிக்குத்தான் போகும். மேசையில் இருக்கும் கணினிக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. படத்தைப் பிறகு மிக மெதுவாக ஓட்டினால், விரல் விசையில் பட்ட நேரத்துக்கும் எழுத்து திரையில் முளைத்த நேரத்துக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று எண்ணிவிடலாம். கேமராவும் பழகட்டும் என்று அதையும் சில நாள் வெறுமனே ஓடவிட்டாள்.

பிறகு சூப்பர்வைசரிடம் போய், ஒரு வாரத்துக்குச் சில மேசைகளில் மட்டும் உளவாளியை நிறுத்தி வைக்க வேண்டும் என்று கேட்டாள். எந்த மேசை என்பதைத் தினமும் சீட்டுக் குலுக்கிப்போட்டு அவரே எடுக்க வேண்டும்.

"யாருக்கும் சொல்லக் கூடாது சார். அவங்களுக்கும் தெரியக் கூடாது, எனக்கும் தெரியக் கூடாது."

"உங்களுக்குமா? நீங்கதானே டெஸ்ட் பண்றீங்க?"

"அதனாலதான் சார்."

அவர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். எந்த மேசை என்று காட்டிக்கொடுக்காமல் இருக்கப் பலகையையும் அந்த வாரம் அணைத்து வைக்க வேண்டுமே, மேலே என்ன பதில் சொல்வது என்று முனகினார். கடைசியில் தன் சாப்பாட்டு டப்பாவின் மூடியைக் கழுவித் துடைத்து, அதில் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கினார். மூன்றாம் நாளிலிருந்து அவருக்கே அதில் ஒரு சுவாரசியம் வந்துவிட்டது. காலையில் கதவைச் சாத்திக்கொண்டு குலுக்கும் சத்தம் வெளியே கேட்கும்.

வாரம் முடிந்தது. படங்களை எடுத்துக்கொண்டு உட்கார்ந்த பூனை, முதல் படத்திலேயே நிறுத்தினாள். முகம் தெரியாவிட்டாலும் அந்தக் கோணல் விரலை அவளுக்குத் தெரியும். இந்த வாரங்களில் அவர் தன் டப்பாவிலிருந்து அவளுக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறார், அவள் மகளின் படிப்பைப் பற்றிக் கேட்டிருக்கிறார், அவளுக்கு ஜலதோஷம் வந்தபோது ஆவி பிடிக்கச் சொல்லி நச்சரித்திருக்கிறார். அந்த விரலைப் பார்த்துக்கொண்டு எண்ணினால், சந்தேகமான இடங்களில் கண் அவர் பக்கம் சாயும். அவளுக்கு அவள் கண்ணைத் தெரியும். கூடத்தையே பார்த்திராத ஒரு சக ஊழியரிடம் படங்களை மொத்தமாகக் கொடுத்து, இவை என்ன, எதற்கு என்று சொல்லாமல் எண்ணித் தரச் சொன்னாள்.

எண்ணி வரும்வரை அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவளைக் கணவர் பார்த்தார்.

"அந்த மனுஷன் உண்மையிலேயே ஸ்லோன்னு வந்துட்டா?"

"வந்தா அப்படித்தான் சொல்லணும்."

"சொல்லிடுவியா?"

அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய்த் துலக்க ஆரம்பித்தாள். வெகுநேரம் ஒரே தட்டைத் துலக்கிக்கொண்டிருந்தாள் என்று பிறகு மாமியார் சொன்னார்.

முடிவு வந்தது. சூப்பர்வைசரின் அறையில் சீட்டுகளையும் எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். உளவாளி இருந்த நாள்களில் ரேடியோ அண்ணனின் எழுத்துகள் குறிப்பு நீள நீளப் பின்தங்கின. இல்லாத நாள்களில் விரல் பட்ட உடனே வந்தன. மற்றவர்களுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. சூப்பர்வைசர் நாற்காலியில் சாய்ந்தார். முகத்தில் நிம்மதி தெரிந்தது.

"சரி. அப்போ டைமிங் புரோகிராமைச் சரி பண்ணிட்டா இவர் பச்சைக்கு வந்துடுவார். விஷயம் முடிஞ்சுது."

ஆமாம் என்று சொல்லிவிட்டு எழுந்திருக்கலாம். அவர் மேற்கொண்டு கேட்கப்போவதில்லை. பூனை எண்களை ஒரு முறை தடவிப் பார்த்துக்கொண்டாள்.

"இல்ல சார். மஞ்சளுக்கு வருவார். சில நாள் செவப்புலயேதான் இருப்பார். மெஷின் தின்ன நேரம் போக மிச்சம் இருக்கறது அவரோட நேரம். மத்தவங்களைவிட அவர் நிறையக் கேக்கறார், நிறைய அடிக்கறார்."

சூப்பர்வைசர் தன் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க அவர் பக்கம்னு நினைச்சேன்."

"அவர் பக்கம்தான் சார். அதனாலதான் எண்ணற வேலையை வேற ஆள்கிட்ட குடுத்தேன்."

"அப்போ அவர் மெதுதானே?"

"மெதுதான். அதனால நல்லதா கெட்டதான்னு நான் அளக்கல. அளக்காததைச் சொல்ல மாட்டேன்."

வெளியே வந்தபோது ரேடியோ அண்ணன் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அவர் மேசைக்குப் போய், உள்ளே சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் அவரிடமும் சொன்னாள். மெதுதான் என்பதையும் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு, கோணல் விரலை நீட்டி மடக்கிப் பார்த்தார்.

"அப்போ விரல் மரத்துப்போகல."

"இல்ல அண்ணா."

"அது போதும்மா" என்றார். கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் குனிந்துகொண்டார்.

அளக்காததைச் சொல்ல மாட்டேன் என்று அவள் சொன்னது சூப்பர்வைசருக்குள் எங்கேயோ முள்ளாகக் குத்தியிருக்க வேண்டும். மறுநாள் அவரே படியிறங்கி வண்டிகள் நிற்கும் முற்றத்துக்குப் போனார். ஓட்டுநர் ஒருவர் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரிடம் ரேடியோ அண்ணன் அனுப்பும் அழைப்புகளைப் பற்றிக் கேட்டார்.

"அவர் கேஸா? அதுக்குப் போனா நேரா கதவுல போய் நிப்போம் சார். மத்ததுக்குத் தெருவுல நின்னுகிட்டு எந்த கேட்டு, எந்தப் படின்னு போன் போட்டுக்கிட்டே இருக்கணும். ஒரு தடவை நாய் துரத்தி நான் வண்டிக்கு மேலயே ஏறிட்டேன். அது இவர் அனுப்பினது இல்ல."

ஓட்டுநர் துடைத்துக்கொண்டே சொன்னார். சூப்பர்வைசர் சிரிக்கவில்லை. மேலே வந்து, அழைப்பு தொடங்கியதிலிருந்து நோயாளியைத் தொடும்வரை ஆகும் நேரத்தை அளக்க முடியுமா என்று பூனையைக் கேட்டார். முடியும், ஆனால் ஓட்டுநர்கள் தலையில் அந்த வேலையைக் கட்டக் கூடாது என்றாள் அவள். கிடங்குப் பேச்சு அதோடு நின்றது. பலகை சுவரிலேயே இருக்கிறது. அதைக் கழற்றும் அதிகாரம் சூப்பர்வைசருக்கு இல்லை. ரேடியோ அண்ணன் இன்னும் சில நாள் சிவப்பில் வருகிறார். "எனக்குப் பிடிச்ச கலர்தான்" என்கிறார்.

உளவாளியை மாற்றி எழுதினார்கள். இப்போது அது ஒவ்வொரு விசைக்கும் குறுக்கே வருவதில்லை. கணினி சும்மா இருக்கும் வேளை பார்த்து, எப்போதாவது ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். சொன்னபடி நடந்துகொள்கிறதா என்று பார்க்கப் பூனை மறுபடி கேமராவோடு வந்தாள். ரேடியோ அண்ணன் மேசையில் அதைப் பொருத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிந்திய அமைதி. அழைப்புகள் குறைவு, பாதிப் பேர் சும்மா இருந்தார்கள்.

ஒரு முதியவர் அழைத்தார். மனைவி உட்கார்ந்த இடத்திலேயே சாய்ந்துவிட்டார், கூப்பிட்டால் பேச்சில்லை என்றார். ரேடியோ அண்ணன் வீட்டைக் கேட்டார், கதவைக் கேட்டார், படியைக் கேட்டார். விரல்கள் ஓடின, எழுத்துகள் கூடவே ஓடின. வண்டி கிளம்பியது. வருகிற வரைக்கும் நெஞ்சில் எங்கே கை வைக்க வேண்டும், எப்படி அமுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வண்டியில் போன ஆட்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். முறைப்படி அத்தோடு அழைப்பை முடித்துவிடலாம். முதியவர் போனை வைக்கவில்லை. அந்தப் பக்கம் ஆட்கள் சுறுசுறுப்பாகப் பேசிக்கொண்டிருந்த சத்தம் மெல்லக் குறைந்து, பிறகு இல்லாமல் போயிற்று.

"அவங்க கையை எடுத்துட்டாங்க தம்பி. ஏன் எடுத்துட்டாங்க?"

ரேடியோ அண்ணன் ஹெட்செட்டின் மைக்கை வாய்க்கு இன்னும் அருகே இழுத்துக்கொண்டார். "நான் லைன்லதான் இருக்கேன் ஐயா. பக்கத்துல உக்கார இடம் இருக்கா? உக்காருங்க. நான் வைக்க மாட்டேன்."

"எங்களுக்கு யாரும் இல்ல தம்பி."

"உக்காருங்க ஐயா. அவங்க பேர் என்னன்னு சொல்லுங்க. எத்தனை வருஷமா இந்த வீட்டுல இருக்கீங்க?"

குரல் ஓர் இழைகூட மாறவில்லை. ஆனால் விசைப்பலகையின் மேல் கிடந்த கைகள் நடுங்க ஆரம்பித்திருந்தன. ஒன்றை மற்றொன்றால் பிடித்து அடக்கப் பார்த்தார். இரண்டும் சேர்ந்து நடுங்கின. திரையில் வெகுநேரமாக ஓர் எழுத்தும் கூடவில்லை. மேசை விளிம்பில் கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

பூனை இருந்த இடத்திலிருந்து சத்தமில்லாமல் எழுந்தாள். கையை நீட்டி, கேமராவின் கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, அவர் பேசி முடிக்கும்வரை அப்படியே நின்றாள்.